தோமானுக்கும் சியாக்காப்புக்கும் லீடர் கட்டுவது எப்படி: ஃபிளை தூண்டில்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இறகும் நூலும் கட்டிய போலி இரையை, அதாவது ஃபிளையை, வீசி மீன் பிடிப்பது ஃபிளை தூண்டில். அதற்குப் புதிதாக வருபவர்கள் கம்புக்கும் ரீலுக்கும் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, லைனுக்கும் ஃபிளைக்கும் நடுவே கட்டும் நரம்பான லீடர் விஷயத்தில் மட்டும் கடையில் தொங்கும் முதல் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்தப் பாக்கெட்டில் பெரும்பாலும் 9 அடி, 5எக்ஸ் என்று போட்டிருக்கும். குளிர்நாட்டு ஓடைகளில் டிரவுட் பிடிப்பதற்காகச் செய்த சாமான் அது. அந்த மீனுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். அதன் நுனியில் கட்டைவிரல் பருமனுக்கு, தண்ணீர் மேல் மிதந்து சத்தம் எழுப்பும் பாப்பர் ஃபிளை ஒன்றைக் கட்டி மலேசியாவில் சிலாங்கூர் பக்கத்து ஈயக்குட்டையில் (ஈயம் தோண்டிய பழைய சுரங்கக் குளம்) வீசிப் பாருங்கள்: லீடர் விரியாமல் சுருண்டு லைன் மேலேயே விழும். தப்பித்தவறி தோமான் (விரால் இனத்துப் பெரிய மீன்) கடித்துவிட்டால் ஒரே இழுப்பில் எல்லாம் போய்விடும்.

நம் நாட்டு மீன்களுக்கு வேண்டியது குட்டையான, தடித்த, விறைப்பான லீடர். அதைக் கையாலேயே கட்டிக்கொள்ளலாம், செலவும் குறைவு.

எதற்கு எது

ஃபிளைக்குச் சொல்லிக்கொள்ளும்படி எடை கிடையாது. வீச்சுக்கு எடை கொடுப்பது ஃபிளை லைன்தான். அந்த லைனில் ஓடி வரும் விசையை ஃபிளை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது லீடர். அதனால்தான் அது சாட்டை மாதிரி அடி தடித்து நுனி மெலிந்து இருக்கிறது. அடிப்பகுதியை பட் என்பார்கள். நடுப்பகுதி படிப்படியாக மெலியும். கடைசியில் ஒரே தடிப்பில் ஓரிரண்டு அடிக்கு வருவது டிப்பெட். ஃபிளையை மாற்றி மாற்றிக் கட்டும்போது குறைந்துகொண்டே போவதும் திரும்பத் திரும்பப் புதிதாக ஒட்டுவதும் அந்த டிப்பெட்தான்.

டிப்பெட்டுக்கு மூன்று வேலை. ஃபிளையை இயல்பாக அசையவிட வேண்டும். மீன் கண்ணை உறுத்தக் கூடாது. அறுந்துதான் ஆக வேண்டும் என்றால், நமக்கு நஷ்டம் குறைவான இடத்தில் அறுபட வேண்டும். இந்த மூன்றாவது வேலையைத்தான் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். நன்னீரில் புழங்கும் பல ஃபிளை லைன்களின் உள்நூல் 20 முதல் 30 பவுண்டு வரைதான் தாங்கும். "பெரிய மீன், எதற்கு வம்பு" என்று 50 பவுண்டு நரம்பை நேராகக் கட்டினால், தெமெங்கோர் ஏரியில் மூழ்கிக் கிடக்கும் மரத்தில் முள் மாட்டும்போது அறுவது அந்த நரம்பாக இருக்காது, விலை உயர்ந்த லைனாக இருக்கும். ஆகவே லீடரில் எங்காவது ஒரு துண்டு லைனைவிடப் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும். 16 அல்லது 20 பவுண்டு என்பது நம் ஊர் பெரிய மீன்களுக்குப் போதுமான அளவு. சர்வதேச சாதனைகளைப் பதியும் ஐஜிஎஃப்ஏ விதிகளிலும் ஃபிளை டிப்பெட்டின் உச்ச வரம்பு 10 கிலோ, அதாவது 20 பவுண்டு வகுப்புதான்.

எக்ஸ் கணக்கு

அந்தக் காலத்தில் லீடரைப் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த, பட்டுக்குடல் என்று பெயர்பெற்ற நரம்பில் செய்தார்கள். அதை மெலிதாக்க ஓட்டைத் தகட்டின் வழியாக இழுப்பார்கள். ஒரு தடவை இழுத்தது 1எக்ஸ், இரண்டு தடவை இழுத்தது 2எக்ஸ். எண் கூடக் கூட நரம்பு மெலிவது இதனால்தான். 1930களின் கடைசியில் நைலான் வந்த பிறகு பட்டுக்குடல் போய்விட்டது, எண் மட்டும் நின்றுவிட்டது.

கணக்கு சுலபம். 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் தடிப்பு எத்தனை ஆயிரத்தில் ஒரு அங்குலம் என்று வரும். 5எக்ஸ் என்றால் 6, அதாவது 0.15 மில்லிமீட்டர். 3எக்ஸ் சுமார் 0.20, 0எக்ஸ் சுமார் 0.28. ஃபிளை அளவை 3 அல்லது 4ஆல் வகுத்தால் பொருத்தமான எக்ஸ் கிடைக்கும் என்பது டிரவுட்காரர்களின் சூத்திரம். 12ஆம் எண் ஃபிளைக்கு 3எக்ஸ் அல்லது 4எக்ஸ். திலாப்பியாவுக்குச் சின்ன நிம்ஃப் (மூழ்கும் பூச்சி ஃபிளை) போடும்போது இது அப்படியே உதவும். தோமான், செபாராவ் (கெண்டைக் குடும்பத்து வேட்டை மீன்), சியாக்காப் (கொடுவா) என்று போனால் எக்ஸ் எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரையும் பவுண்டையும் பாருங்கள். இரண்டில் மில்லிமீட்டர்தான் நம்பகமானது. ஒரே 20 பவுண்டு என்று போட்டுவிட்டு ஒரு கம்பெனி 0.37இலும் இன்னொன்று 0.45இலும் விற்கும். வீச்சுக்குத் தேவை தடிப்பு, பவுண்டு எண் அல்ல.

நைலானா, ஃபுளோரோகார்பனா

பட் பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் நைலான்தான். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. கடைகளில் இந்த நரம்பைத் தங்சி என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் கையில் வாங்கிப் பார்த்து, வளைத்தால் விறைப்பாக நிற்கும் ரகமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊர் மதிய வெயிலில் மிருதுவான நைலான் இன்னும் தொளதொளவென்று ஆகிவிடும், பெரிய ஃபிளையைப் புரட்டிப் போடாது. குளிர்நாட்டு லீடர்கள் இங்கே சொதப்புவதற்கு இது ஒரு காரணம்.

டிப்பெட்டுக்கு ஃபுளோரோகார்பன் பயன்படுத்துவதற்கு எல்லாரும் சொல்லும் காரணம், அது தண்ணீரில் தெரியாது என்பது. அறிவியல்படி அதில் விஷயம் இருக்கிறது. ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃபுளோரோகார்பனுக்குச் சுமார் 1.42, நைலானுக்கு 1.5க்கு மேல். தண்ணீரை நெருங்கி நிற்பதால் அது கண்ணுக்குக் குறைவாகத் தெரிகிறது. சரி, ஆனால் பினாங்கு நீரிணையின் கலங்கல் தண்ணீரில், மீனுக்கு ஃபிளையே ஒரு முழம் தள்ளித்தான் தெரியும் என்கிற இடத்தில், இதற்காக மட்டும் இரட்டிப்புக் காசு கொடுப்பது வீண். அங்கேயும் நான் ஃபுளோரோகார்பன்தான் கட்டுகிறேன், வேறு காரணத்துக்காக. அது உரசலைத் தாங்கும். தண்ணீரை உறிஞ்சி வலு இழப்பதில்லை. வெயிலும் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பாலத்தூண், படகுத்துறைக் கால், சிப்பி ஒட்டிய பாறை என்று எல்லாமே நரம்பைச் சீவும் இடத்தில் அதுதான் முக்கியம்.

பாப்பர் போடும்போது மட்டும் நைலான் டிப்பெட்டுக்குத் திரும்பிவிடுங்கள். ஃபுளோரோகார்பனின் அடர்த்தி சுமார் 1.78, நைலானுக்கு 1.14. கனமானது மூழ்கி, பாப்பரின் மூக்கைக் கீழே இழுக்கும். தடித்த நரம்பில் இது நன்றாகவே தெரியும்.

சாதாரண தூண்டிலிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரெய்ட் (பின்னிய) நூலில் லீடர் செய்யாதீர்கள். பலம் இருக்கிறது, விறைப்பு துளியும் இல்லை. விசை அங்கேயே செத்துவிடும்.

மூன்று லீடர்கள் போதும்

எட்டாம் நம்பர் கம்பு (எண் கூடினால் கம்பும் அதற்கான லைனும் கனமானது), தோமான், பீகாக் பாஸ், பெரிய செபாராவ், கழிமுகத்து சியாக்காப்: 0.60 மில்லிமீட்டர் நைலான் 4 அடி, 0.50 மில்லிமீட்டர் 1.5 அடி, அதற்குப் பிறகு 16 அல்லது 20 பவுண்டு டிப்பெட் 2 அடி. மொத்தம் ஏழரை அடி. பல் உள்ள மீனுக்கு இதன் நுனியில் கடிநரம்பு ஒரு துண்டு சேரும், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஐந்தாம் நம்பர் கம்பு, திலாப்பியா, சின்ன செபாராவ், மலையோர ஓடைகள்: 0.50 மில்லிமீட்டர் 4.5 அடி, 0.40 ஒன்றரை அடி, 0.30 ஒரு அடி, 3எக்ஸ் அல்லது 4எக்ஸ் டிப்பெட் 2 அடி. இங்கே கடையில் வாங்கும் 9 அடி லீடரும் அருமையாக வேலை செய்யும். முடிச்சில்லாமல் ஒரே சீராக மெலியும் லீடரில் பாசி சிக்குவதும் குறைவு. கட்டணக் குளத்தில் பாத்தின் கெளுத்திக்கு ரொட்டித் துண்டு மாதிரியான ஃபிளை போடுபவர்கள் இதே அமைப்பை ஏழாம் நம்பர் கம்புக்குத் தடித்த பட் வைத்து, 12 பவுண்டு டிப்பெட்டோடு கட்டிக்கொள்ளலாம்.

மூழ்கும் லைன்: 20 பவுண்டு நரம்பு, நேராக, 3 அல்லது 4 அடி. அவ்வளவுதான். லைன் கீழே போய்விட்டு லீடர் நீளமாக இருந்தால் ஃபிளை மேலேயே மிதந்துகொண்டிருக்கும், மூழ்கும் லைன் வாங்கியதே வீணாகிவிடும்.

முதல் லீடரை ஏன் இவ்வளவு குட்டையாக வைக்கிறோம் என்பது தோமானைத் தேடிப் போனவர்களுக்குப் புரியும். தோமான் காற்றை விழுங்க மேலே வரும் மீன். படகில் கம்போடு நின்றுகொண்டு கண்ணாடி மாதிரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். திடீரென்று நாற்பது அடி தூரத்தில் ஒரு முதுகு புரளும், பளக் என்று ஒரு சத்தம், வளையம் விரியும். படகோட்டும் அண்ணன் "போடு, போடு" என்பதற்குள் அது தலையைச் சாய்த்துக் கீழே இறங்கத் தொடங்கியிருக்கும். இரண்டு பொய் வீச்சுக்குள் (லைனைத் தண்ணீரில் விடாமல் காற்றில் முன்னும் பின்னும் வீசுவது) ஃபிளை அது போகும் திசைக்கு முன்னால் விழ வேண்டும். 9 அடி மெல்லிய லீடர் இருந்தால் கடைசி மூன்று அடி குவியலாக விழும். அதை இழுத்து நேராக்குவதற்குள் மீன் ஆழத்துக்குப் போய்விடும். குட்டை லீடர் விழும்போதே நேராக விழுகிறது, முதல் இழுப்பிலேயே ஃபிளை அசைகிறது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே காவல் நிற்கும் தோமான் மேல் வீசாதீர்கள். அது நிச்சயம் கடிக்கும். தாயையோ தகப்பனையோ தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை.

கடிநரம்பு

ஷாக் டிப்பெட், பைட் டிப்பெட் என்று இரண்டு பெயரிலும் சொல்வார்கள். பல்லும் உரசலும் படும் கடைசித் துண்டை மட்டும் தடிப்பாக வைப்பதுதான் இது. சாதனைப் பதிவுக்கு இது முடிச்சுகளோடு சேர்த்து 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, இதற்கு மேலே உள்ள டிப்பெட் குறைந்தது 15 அங்குலம் இருக்க வேண்டும். பதிவு செய்யப் போவதில்லை என்றாலும் இந்த அளவு நல்ல அளவு. அதற்கு மேல் நீண்டால் ஃபிளை மரக்கட்டை மாதிரி நகரும்.

எல்லா மீனுக்கும் இது வேண்டாம். பீகாக் பாஸுக்கு வெட்டும் பல் இல்லை, வாய் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு மட்டும்தான். 20 பவுண்டு டிப்பெட்டே போதும், பிடித்த பிறகு நுனியைத் தடவிப் பார்த்தால் சரி. செபாராவுக்கும் வேண்டாம். அது கடித்த வேகத்தில் நேராக மூழ்கிய மரத்துக்குள் ஓடும், அங்கே கைதான் காப்பாற்ற வேண்டும். சியாக்காப்புக்குப் பல்லைவிடச் செவுள் மூடியின் விளிம்பு ஆபத்து, கத்தி மாதிரி இருக்கும். குதித்துத் தலையை உதறும்போது அதில் நரம்பு பட்டால் போச்சு. 30 அல்லது 40 பவுண்டு ஃபுளோரோகார்பன் ஓர் அடி கட்டுங்கள். தோமானுக்கு 40 பவுண்டு, பெரிய ஆட்கள் சுற்றும் இடமென்றால் அதற்கும் மேல். தெங்கிரிக்கு (வஞ்சிரம்) நரம்பே உதவாது. முடிச்சுப் போடக்கூடிய மெல்லிய உலோக வயரை அரை அடி வைக்க வேண்டும். வயர் வைத்தால் சில மீன்கள் கடிக்கத் தயங்கும் என்பது உண்மைதான், ஆனால் வெட்டுப்பட்ட நுனியோடு வெறுங்கையாகத் திரும்புவதற்கு அது மேல்.

நான்கு இணைப்பு

லைனிலிருந்து லீடருக்கு: இப்போது வரும் லைன்களில் நுனியிலேயே லூப் இருக்கிறது. லீடரின் தடித்த முனையில் பெர்ஃபெக்‌ஷன் லூப் போட்டுக்கொள்ளுங்கள். லீடர் லூப்பை லைன் லூப்பின் மேல் மாட்டி, லீடரின் மெல்லிய முனையை லைன் லூப்புக்குள் விட்டு முழுவதையும் இழுங்கள். இரண்டு கை கோத்த மாதிரிச் சமமாக உட்கார வேண்டும். ஒரு லூப் மடங்கி இன்னொன்றின் கழுத்தைச் சுற்றியிருந்தால் பிரித்துத் திரும்பப் போடுங்கள், இல்லையென்றால் லைனின் தோலை அறுத்துவிடும்.

துண்டுக்குத் துண்டு: தடிப்பு நெருக்கமாக இருந்தால் பிளட் நாட் அழகாகவும் நேராகவும் உட்காரும். படகில் ஆடிக்கொண்டே அதைப் போடுவது பொறுமைக்குச் சோதனை. நான் எல்லாவற்றுக்கும் சர்ஜன் நாட்தான் போடுகிறேன். இரண்டு நரம்பையும் ஒரு சாண் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு வளையம் செய்து, டிப்பெட் முழுவதையும் அடுத்த நரம்பின் வாலையும் அந்த வளையத்துக்குள் இரண்டு தடவை விட்டு எடுங்கள். எச்சில் தொட்டு நனைத்து, நான்கு முனைகளையும் ஒன்றாக மெதுவாக இழுங்கள். ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ஃபுளோரோகார்பன் என்றால் மூன்று தடவை விடுங்கள், வழுக்காது.

டிப்பெட்டிலிருந்து கடிநரம்புக்கு: 20க்கு 40 வரை சர்ஜன் நாட் தாங்கும். அதற்கு மேல் தடித்தாலோ வயர் என்றாலோ ஆல்பிரைட் நாட். தடித்ததை மடித்து, அந்த மடிப்புக்குள் டிப்பெட்டை விட்டு, மடிப்பின் மேல் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, விட்ட வழியாகவே வெளியே எடுத்து இறுக்க வேண்டும்.

ஃபிளைக்கு: சின்ன ஃபிளைக்கு கிளிஞ்ச் நாட் போதும். சின்ன மீன் மாதிரியான ஸ்டிரீமரையும் பாப்பரையும் இறுக்கிக் கட்டினால் அவை விறைத்து நகரும், அதனால் வழுக்காத லூப் முடிச்சு போடுங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் கடைசிப் படியில் தடுமாறுகிறார்கள்.

1. நரம்பின் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு சாதாரண முடிச்சைப் போடுங்கள், இறுக்காதீர்கள்.
2. நுனியை முள்ளின் கண்ணில் விட்டு எடுத்து, அந்தத் தளர்ந்த முடிச்சுக்குள் எந்தப் பக்கம் வழியாக வெளியே வந்ததோ அதே பக்கம் வழியாகத் திரும்ப உள்ளே விடுங்கள்.
3. முடிச்சை ஃபிளைக்கு அருகே நகர்த்தி, எவ்வளவு சின்ன லூப் வேண்டுமோ அவ்வளவில் நிறுத்துங்கள்.
4. நுனியை மேலே உள்ள நரம்பின் மேல் சுற்றுங்கள். 15 முதல் 40 பவுண்டு வரை நான்கு சுற்று, அதைவிட மெலிந்தால் ஐந்திலிருந்து ஏழு.
5. நுனியை மறுபடியும் அதே முடிச்சுக்குள், அதே பக்கமாக விடுங்கள். பக்கம் மாறினால் முடிச்சு உட்காராது.
6. நனைத்து, முதலில் நுனியை இழுத்துச் சுற்றுகளைச் சேர்த்து, பிறகு நரம்பையும் ஃபிளையையும் எதிரெதிராக இழுத்து இறுக்குங்கள்.

நனைக்காமல் இழுத்தால் உரசல் சூட்டில் நரம்பு வெந்துவிடும். இறுக்கிய முடிச்சுக்குப் பக்கத்தில் நரம்பு சுருள்சுருளாக வெளுத்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

தண்ணீரில் நிற்கும்போது

பாக்கெட்டிலிருந்து எடுத்த லீடர் சுருண்டே இருக்கும். அதை இரண்டு கைக்கு நடுவே பகுதி பகுதியாக இழுத்துப் பிடித்தால் நேராகும்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு சிக்கலுக்குப் பிறகும் கடைசி இரண்டு அடியை விரலுக்கும் நகத்துக்கும் நடுவே ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் நகத்துக்குத் தெரியும். சொரசொரத்தால் வெட்டிவிடுங்கள். அப்புறம், காற்று முடிச்சு என்று நாம் திட்டும் அந்தக் குட்டி முடிச்சு வந்துவிட்டாலும் அதே கதைதான். அது நரம்பின் பலத்தை ஏறத்தாழ பாதியாக்கிவிடும். இறுகுவதற்கு முன் கண்டால் முள் முனையால் பிரிக்கலாம், இறுகிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். அது காற்றினால் வருவதைவிட வீச்சில் அவசரப்படுவதால் வருவதுதான் அதிகம்.

லீடர் விரியாமல் விழுகிறதா? முதலில் டிப்பெட்டை அரை அடி குறைத்துப் பாருங்கள். பிறகு ஃபிளையைச் சின்னதாக்கிப் பாருங்கள். அப்போதும் சரிவரவில்லை என்றால் பட் மெலிந்து இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு எதிர்ப்பக்கம், தெளிந்த ஓடையில் மீன் ஃபிளையைப் பார்த்துவிட்டு ஒதுங்கினால், டிப்பெட்டை மெலிதாக்குவதற்கு முன் ஓர் அடி நீளமாக்கிப் பாருங்கள்.

அறுந்த நுனி எதனால் அறுந்தது என்று அதுவே சொல்லும். பன்றிவால் மாதிரிச் சுருண்டு வந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. சுத்தமாக வெட்டினாற்போல் இருந்தால் பல் அல்லது செவுள், கடிநரம்பைத் தடிப்பாக்குங்கள். நார்நாராகப் பிரிந்திருந்தால் பாறை, மரம், சிப்பி. முடிச்சுக்கு மேலே சட்டென்று ஒடிந்திருந்தால் பழைய நரம்பாக இருக்கலாம், அல்லது ரீலின் பிரேக்கை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம். டிப்பெட் பலத்தில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை பிரேக் வைத்தால் போதும்.

நைலான் சுருள்களைக் காருக்குள் வைக்கவே வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெயிலும் சூடும் சேர்ந்து அதைச் சீரழித்துவிடும். வாங்கிய மாதத்தை மார்க்கரால் சுருள் மேல் எழுதிவிடுங்கள். ஒரு வருடம் தாண்டிய மெல்லிய நைலானைப் பெரிய மீனுக்கு நான் நம்புவதில்லை. ஃபுளோரோகார்பன் பல வருடம் நிற்கும். அதே காரணத்தால் வெட்டிப் போட்ட துண்டும் குட்டைக் கரையில் பல வருடம் கிடக்கும், பறவைக் காலிலும் உடும்புக் கழுத்திலும் சுற்றும். சட்டைப்பையில் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று வைத்துக்கொண்டு துண்டுகளை அதில் போடுங்கள். குப்பையில் கொட்டுமுன் விரல் நீளத்துக்கு நறுக்கிவிடுங்கள்.

ஒரு நாள் பயணத்துக்கு எடுத்துப்போக வேண்டியது கொஞ்சம்தான்: கட்டித் தயாராக வைத்த இரண்டு லீடர், 16 பவுண்டு, 20 பவுண்டு டிப்பெட் சுருள், 40 பவுண்டு ஃபுளோரோகார்பன், நகவெட்டி ஒன்று. தெமெங்கோர் ஏரிக்கோ கென்யிர் ஏரிக்கோ போகிறீர்கள் என்றால் எல்லாவற்றையும் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். படகு வீட்டில் ஏறிய பிறகு கடை கிடையாது.